யூசர்நேம் டோக்கன்: பாஸ்வேர்டு சரி, கடிகாரம்தான் தப்பு

கப்பலூர் சிட்கோவில் ஒரு கம்பெனிக்கு பிஎச்பி பில்லிங் பார்த்துக்கொடுக்கும் நண்பர் கேட்டார்: "சோப் ஹெடரில் டைஜெஸ்ட் போடலாமா, இல்லை டெக்ஸ்டே போதுமா?" சோப் என்பது இரண்டு மென்பொருள்கள் எக்ஸ்எம்எல்லில் பேசிக்கொள்ளும் முறை; அதன் ஹெடரில் யூசர்நேமும் பாஸ்வேர்டும் போகும் பகுதிதான் யூசர்நேம் டோக்கன். பாஸ்வேர்டை அப்படியே அனுப்பினால் டெக்ஸ்ட், ஹாஷ் செய்து அனுப்பினால் டைஜெஸ்ட். பல வருடமாக இரண்டோடும் மாரடிப்பதால் இந்தப் பதில்.

டைஜெஸ்டின் அழகை மறுக்க முடியாது. நான்ஸ் (ஒவ்வொரு செய்திக்கும் புதிதாக எடுக்கும் ராண்டம் பைட்டுகள்), கிரியேட்டட் நேரம் (செய்தி உருவான நேரம்), பாஸ்வேர்டு மூன்றையும் இதே வரிசையில் ஒட்டி, ஷா-1 ஹாஷ் (திரும்ப அவிழ்க்க முடியாத சுருக்கம்) போட்டு, பேஸ்64 எழுத்துகளாக்கி அனுப்புகிறோம். பாஸ்வேர்டு வெளியே போவதே இல்லை. பிடித்துவைத்த செய்தியைத் திருப்பி அனுப்பினாலும், நான்ஸை நினைவில் வைத்திருக்கும் சர்வர் தள்ளிவிடும்.

ஆனால் அந்த நேரம் இருக்கிறதே, உயிரை வாங்கும். டோக்கனைச் சரிபார்க்கும் ஜாவா லைப்ரரியான டபிள்யூஎஸ்எஸ்4ஜே இயல்பாக 300 விநாடி பழையதுவரை ஏற்கும். எதிர்கால நேரமென்றால் 60 விநாடிதான் சலுகை. பிஎச்பியில் 'டேட்' ஃபங்ஷனில் நேரம் எடுத்து, கடைசியில் யூடிசி (உலகப் பொது நேரம்) என்பதைக் குறிக்கும் இசட் எழுத்தை ஒட்டினால் நம்மூர் நேரம் யூடிசி வேஷம் போடுகிறது. ஐந்தரை மணி நேரம் எதிர்காலம்! 'ஜிஎம்டேட்' போட வேண்டும். கோடு சரியாக இருந்தாலும் விடாது: பராமரிப்பு மின்தடை அன்று முழுநாள் அணைந்து கிடக்கும் பழைய டெஸ்க்டாப்பில் மதர்போர்டில் கடிகாரத்தை ஓட்டும் சீமாஸ் பேட்டரி செத்திருந்தால், சாயங்காலம் கடிகாரம் எந்த வருஷத்தையோ காட்டும். சிஆர்2032 பட்டன் பேட்டரி ஒன்று வாங்கிப் போட்டு, டைம் சர்வரோடு சிங்க் வைத்தால் தீர்ந்தது.

தீர்வு இவ்வளவு சுலபமாக இருந்தும் எரிச்சல் வருவது பிழைச்செய்தியால்தான். நேரம் தப்பு, நான்ஸ் தப்பு, பாஸ்வேர்டு தப்பு, எதுவானாலும் பொத்தாம்பொதுவாக 'பாதுகாப்புப் பிழை' என்ற ஒரே வரி. திருடனுக்குத் துப்பு கொடுக்கக் கூடாது, நியாயம்தான். அதற்காக எதிர்முனை சப்போர்ட்டும் தன் சர்வர் லாகைத் திறந்து பார்க்காமல் "பாஸ்வேர்டை ரீசெட் பண்ணுங்க சார்" என்றே பாடினால் என்ன செய்வது?

இன்னொரு குறிப்பு. சரியான டைஜெஸ்ட் 28 எழுத்து. உங்களுடையது 56 வந்தால், ஷா1 ஃபங்ஷனில் இரண்டாவதாக 'ட்ரூ' கொடுக்காமல், மூல பைட்டுகளுக்குப் பதில் ஹெக்ஸ் எழுத்துகளை பேஸ்64 ஆக்கியிருக்கிறீர்கள். 28 வந்தும் தோற்றால், ஹெடரில் போகும் பேஸ்64 நான்ஸையே ஹாஷ் செய்தீர்களா என்று பாருங்கள். அதன் மூல பைட்டுகள்தான் வேண்டும். டைம்அவுட் ஆனால் அதே எக்ஸ்எம்எல்லை மறுபடி அனுப்பாதீர்கள், புது நான்ஸ் போடுங்கள்.

இவ்வளவு புகழ்ந்தும், புதிதாகத் தொடங்குகிறவருக்கு டைஜெஸ்ட் வேண்டாம் என்பேன். அதைச் சரிபார்க்க சர்வர் அசல் பாஸ்வேர்டையே வைத்திருக்க வேண்டும். பிகிரிப்ட் ஹாஷாக மட்டும் சேமித்ததை வைத்துக் கணக்கு போட முடியாது. டிஎல்எஸ் (எச்டிடிபிஎஸ் குறியாக்கம்) மேல் டெக்ஸ்ட் போதும், லாகில் பாஸ்வேர்டு எலிமென்ட்டை மட்டும் மறைத்துவிடுங்கள். எதிர்முனை டைஜெஸ்ட்தான் கேட்கிறது என்றால் முதல் வேலை, அந்த டெஸ்க்டாப்பின் பேட்டரி.