எண்ணெய்ப்பனையா, சோயாவா?

சமையல் எண்ணெய்க்கு ஒரு நாடு எதை நம்புவது?

விளைச்சல்: எண்ணெய்ப்பனை ஆண்டுக்கு எக்டேருக்கு 3 முதல் 4 டன் எண்ணெய் தரும். சோயா சுமார் அரை டன்தான்.

காத்திருப்பு: சோயா சுமார் 4 மாதத்தில் அறுவடை. பனை காய்க்கவே 3 ஆண்டு. அப்புறம் 25 ஆண்டு ஓடும். விலை சரிந்தால் சோயாக்காரர் அடுத்த பட்டத்தில் பயிரை மாற்றலாம், பனைக்காரர் மாட்டிக்கொள்வார்.

பக்குவம்: வெட்டிய பனைக்குலையை ஒரு நாளுக்குள் ஆலையில் வேகவைக்காவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். காய்ந்த சோயா மாதக்கணக்கில் மூட்டையில் கிடக்கும்.

எண்ணெய்தான் குறி, ஆண்டு முழுக்க மழையும் உண்டா? பனை. கோழித்தீவனத்துக்குப் பிண்ணாக்கும் வேண்டுமா? சோயா, அதில் எண்ணெய் ஐந்தில் ஒரு பங்குதான். காட்டை அழித்து நடுவதானால் இரண்டுமே வேண்டாம்.