வைஃபை கார்டு: ஏஎக்ஸ்210, ஏஎக்ஸ்211, யூஎஸ்பி – எது உங்கள் மதர்போர்டுக்குச் சேரும்?

ராமேஸ்வரத்தில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்பவர்களுக்கு மதுரைக் கடைகள் சுமார் 170 கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. தப்பான கார்டு வந்துவிட்டால் அதை மாற்றுவதே ஒரு பாடு. வைஃபை கார்டில் இந்தத் தப்பு சுலபமாக நடக்கும், ஏனென்றால் சேராத கார்டும் ஸ்லாட்டில் அழகாக உட்கார்ந்துவிடும்.

இன்டெல் ஏஎக்ஸ்210, ஏஎக்ஸ்211 இரண்டையும் மேஜையில் வைத்தால் ஸ்டிக்கரைப் படிக்காமல் பிரித்தறிவது கஷ்டம். இரண்டும் 22 மில்லிமீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் நீளம். இரண்டும் வைஃபை 6இ, அதாவது 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையையும் பிடிக்கும் வைஃபை. ஆனால் 210 முழு கார்டு. கூடுதல் கார்டுகளுக்கான பொது இணைப்பான பிசிஐஇ வழியாக இயங்குவதால் ஏஎம்டி போர்டிலும் ஓடும். 211-இல் இருப்பது ரேடியோ பகுதிதான். மீதி வேலை இன்டெல் சிப்செட்டுக்குள் நடக்கிறது. சிஎன்விஐ என்பது இந்த ஏற்பாடுதான். அது இல்லாத போர்டில் 211-ஐச் செருகி ஸ்க்ரூவும் முடுக்கிவிடலாம்; டிவைஸ் மேனேஜரில் ஒன்றும் வராது, டிரைவரை எத்தனை முறை போட்டாலும் வராது. மலிவாகக் கிடைத்தாலும், போர்டு மேனுவலில் சிஎன்விஐ என்று பார்க்காமல் 211-ஐ வாங்காதீர்கள்.

டெஸ்க்டாப்புக்கு எங்கள் தேர்வு, 210 பொருத்திய பிசிஐஇ எக்ஸ்1 கார்டு (எக்ஸ்1 என்பது மிகச் சிறிய பிசிஐஇ ஸ்லாட்). எக்ஸ்4, எக்ஸ்16 ஸ்லாட்டிலும் அது வேலை செய்யும். வாங்கும் முன் கேபினெட்டைத் திறந்து பாருங்கள்: தடிமனான கிராபிக்ஸ் கார்டு, அடுத்திருக்கும் எக்ஸ்1 ஸ்லாட்டை மூடிவிடும். அடுத்து ப்ளூடூத். வைஃபை பிசிஐஇ-யில் போனாலும் ப்ளூடூத் யூஎஸ்பி-யில்தான் போகிறது. கார்டோடு வரும் மெல்லிய கேபிளை போர்டின் 9 பின் யூஎஸ்பி 2.0 ஹெடரில் (போர்டில் நிற்கும் பின் வரிசையில்) செருக வேண்டும். ஒரு மூலையில் பின் இருக்காது, அதை வைத்துத் திசை பாருங்கள். "வைஃபை வருது, ப்ளூடூத் மட்டும் வரல" என்றால் முதலில் இந்தக் கேபிளைப் பாருங்கள். போர்டில் ஒரே ஹெடர் இருந்து, கேபினெட்டின் முன்பக்க போர்ட்டும் அதையே கேட்டால், இரண்டில் ஒன்றை விட வேண்டியதுதான்.

ஸ்லாட்டே இல்லாதவர்களுக்கு யூஎஸ்பி அடாப்டர். யூஎஸ்பி 3.0 போர்ட்டின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னலைக் கெடுக்கும். ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டுத் தள்ளி வையுங்கள்.

பாம்பன், மண்டபம் பக்கம் கடலைப் பார்த்த வீடுகளில் உப்புக்காற்று ஒரு தனிக் கவலை. பின்பக்க ஸ்லாட் மூடிகளைக் கழற்றி எறிந்துவிடாமல், காலியான இடத்தில் திருப்பி மாட்டுங்கள். கார்டின் தங்க நிற விளிம்பில் பச்சைப் புள்ளி வந்தால் பென்சில் ரப்பரால் தேய்க்காதீர்கள். மேலே இருப்பது மிக மெல்லிய தங்கப் பூச்சு; அது போனால் அடியிலுள்ள நிக்கலையும் செம்பையும் உப்பு இன்னும் வேகமாக அரிக்கும். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சில்லாத துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு செருகுங்கள்.