பெரு நாட்டு மிளகு மர எண்ணெய், 10 மில்லி: வாசனைக்கு வாங்கலாம், பெட்டியை நம்பி வேண்டாம்

விலை 920 ரூபாய், கூரியர் தனி. பழுப்புக் கண்ணாடிச் சீசா, சொட்டுச் சொட்டாக விழும் மூடி, வெளியே ஓர் அட்டைப் பெட்டி. அந்தப் பெட்டியின் பின்பக்கத்தை நம்பினால் மூட்டுவலி, பல்வலி, சளி, அஜீரணம், பெண்களுக்கு வரும் தொற்று எல்லாம் தீர்ந்துவிடும். போதாக்குறைக்கு "மிளகின் பைப்பரின் சக்தி நிறைந்தது" என்று தடித்த எழுத்தில் வேறு. கொச்சிப் பக்கம் மசாலா எண்ணெய் எடுக்கும் ஆலையில், ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள் நான். இதைப் படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வடிதாளில் ஒரு சொட்டு விட்டு ராத்திரி முழுக்க ஃபேனுக்குக் கீழே வைத்தேன். காலையில் தாள் சுத்தமாக இருந்தது. சமையல் எண்ணெய் எதையாவது கலந்திருந்தால் பிசுக்கு வட்டம் நின்றிருக்கும். (டர்பன்டைன் கலந்திருந்தால் இந்தச் சோதனையில் மாட்டாது, அதுவும் சேர்ந்து ஆவியாகிவிடும். அதற்கு ஜி.சி. என்ற சோதனைதான், எண்ணெயில் எந்தப் பொருள் எவ்வளவு என்று கருவியில் பிரித்துக் காட்டுவது.) விற்பவரிடம் கேட்டதும் ஜி.சி. தாளை அனுப்பினார். அதில் ஸ்கினஸ் மோல்லே என்று தாவரப் பெயரும், பழத்திலிருந்து ஆவியில் வடித்தது என்ற குறிப்பும், தொகுதி எண்ணும் இருந்தன. வெறும் "பிங்க் பெப்பர் ஆயில்" என்று எழுதி விற்கும் சீசாக்களை நான் தொடுவதே இல்லை. அந்தப் பெயரில் பெரு நாட்டு மரமும் வரும், அதன் பிரேசில் தங்கையான ஸ்கினஸ் டெரபிந்திஃபோலியாவும் வரும்.

மூடியைத் திறந்தவுடன் வருவது, மாங்காயைக் காம்போடு கிள்ளும்போது பீய்ச்சுமே பால், அந்த வாடை. வராமல் என்ன செய்யும்? இது மா, முந்திரி, பிஸ்தா, சேங்கொட்டை குடும்பத்து மரம். நம் கொடி மிளகுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் ஆரஞ்சுத் தோல் மணம் அடங்கி, அப்போதுதான் இடித்த மிளகின் மூக்கைக் கிள்ளும் வாசம் மேலே வருகிறது. அரை மணி கழித்து லேசான பிசின் வாசம்தான் மிச்சம். சென்ட் தொழிலில் இந்த மேல் மணத்துக்கு நல்ல கிராக்கி. 1995-ல் வந்த எஸ்டீ லாடர் நிறுவனத்தின் 'ப்ளெஷர்ஸ்' சென்ட் தான் இதைப் பெரிய அளவில் பிரபலமாக்கியது; அதில் சேர்த்தது அழுத்திய கரியமில வாயுவைக் கரைப்பானாக வைத்து எடுத்த சாறு. ஆவியில் வடித்த இந்த எண்ணெய் அதைவிடக் கொஞ்சம் முரடு.

ஜி.சி. தாளில் முன்னால் நிற்பது ஆல்ஃபா ஃபெலாண்ட்ரீன். அடுத்து பீட்டா ஃபெலாண்ட்ரீன், லிமோனீன், மிர்சீன், பைனீன். எல்லாமே 10 கார்பன், 16 ஹைட்ரஜன் கொண்ட மோனோடெர்பீன்கள். அணுக்கள் அதே, அடுக்கு வேறு. லேசான மூலக்கூறுகள் என்பதால்தான் நீராவியோடு ஏறி வருகின்றன. ஏறி வராதது சட்டியிலேயே தங்கிவிடும். பெட்டியை எழுதியவர் தடுக்கி விழுந்தது இங்கேதான்.

பைப்பரினை எடுத்துக்கொள்ளுங்கள். அது கொடி மிளகுக்குக் காரம் தரும் சரக்கு, இந்த மரத்தினுடையது அல்ல. சரி, கொடி மிளகு எண்ணெயிலாவது இருக்குமா என்றால் அதிலும் இருக்காது. எங்கள் ஆலையில் மிளகை ஆவியில் வடித்து எண்ணெய் எடுத்த பிறகு, மிஞ்சும் சக்கையைக் கரைப்பானில் ஊறப்போட்டுத்தான் காரத்தையே எடுக்கிறோம். "பெண்களுக்கான தொற்று" வந்த வழியும் தெரியும். பிரேசிலில் தங்கை மரத்தின் பட்டைக்கு அந்தப் பெயர் உண்டு. 2009-ல் அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம் வெளியிட்ட 71 மூலிகைகளின் பட்டியலிலும் அந்த மரம் இருக்கிறது. ஆனால் பட்டையில் வேலை செய்வது துவர்ப்பான டேனின். அது ஆவியில் வராது. மரம் வேறு, பாகம் வேறு, எடுக்கும் முறையும் வேறு. பெரு நாட்டின் செரோ பாவுல் மலையில் வாரி என்ற பழங்கால மக்கள் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இந்தப் பழத்தில் சிச்சா என்ற மது காய்ச்சினார்கள் என்பதையும் பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். காய்ச்சினார்கள், உண்மைதான். ஆனால் அது பழச் சதையின் சர்க்கரையை நொதிக்க வைத்தது. இந்தச் சீசாவில் ஏது சர்க்கரை?

இந்த மரத்தின் எண்ணெய்க்கே பலன் கிடையாது என்று சொல்லவில்லை. ஆய்வகத் தட்டில் சில பாக்டீரியாவையும் பூஞ்சையையும் அடக்குகிறது. தானியத்தில் விழும் வண்டுகளைக் கொல்கிறது. எத்தியோப்பியாவில் இதன் இலையால் ஈ விரட்டும் வழக்கம் உண்டு. 1990-களில் அந்த இலையை ஆராய்ந்தவர்கள், ஈயை விரட்டும் இரண்டு ஆல்கஹால் வகைப் பொருள்களைப் பிரித்தும் காட்டினார்கள். அவை ஆவியில் வரக்கூடியவைதான். ஆனால் அது இலையின் சங்கதி, இந்தச் சீசாவில் இருப்பது பழத்தின் எண்ணெய்.

தட்டில் கிருமி சாவதை வைத்து உங்கள் முழங்கால் வலி போகும் என்று சொல்ல முடியாது. உள்ளுக்குச் சாப்பிடவே வேண்டாம். தோலில் தடவுவதென்றால் 10 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு 2 சொட்டு போதும். முந்திரி, பிஸ்தா ஒவ்வாதவர்களும் மாம்பால் பட்டால் கொப்பளிக்கிறவர்களும் தள்ளியே இருங்கள். பழத்திலுள்ள கார்டனால் போன்ற எரிச்சல் பொருள்கள் கனமானவை, எண்ணெயில் அவ்வளவாக வராது. இருந்தும் நான் துணியமாட்டேன். 1982-ல் அமெரிக்கா, ரீயூனியன் தீவிலிருந்து வந்த தங்கை மரத்துப் பழங்களின் இறக்குமதியையே நிறுத்தி வைத்தது.

வாங்கினால் ஃப்ரிட்ஜில் வையுங்கள். காற்றுப் பட்டால் ஃபெலாண்ட்ரீன் கெட்டு பாரா சைமீன் கூடும்; லிமோனீன் ஆக்சிஜனோடு சேர்ந்து தோலை உறுத்தும் பெராக்சைடுகளாக மாறும். என் தாளில் பாரா சைமீன் 2 சதவீதம்தான், சரக்கு புதுசு.

வாசனைக்கு 5-க்கு 4 மதிப்பெண். பெட்டிக்குப் பூஜ்யம். பைப்பரின் வரியை எடுக்கச் சொல்லி எழுதினேன். "மார்க்கெட்டிங் டீமிடம் சொல்கிறோம் மேடம்" என்று பதில் வந்தது. அவர்களிடமே இலை எண்ணெயும் இருக்கிறதாம். அதன் ஜி.சி. தாளைக் கேட்டிருக்கிறேன், வந்தால் வாங்குவேன்.