பாரிஸா, ஜெனீவாவா, ஹனாவா: தங்க மூக்குப்பொடி டப்பிகளில் எது மேல்?

18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் மூக்குப்பொடி பிரபுக்களின் பழக்கம். அதை வைக்கும் தங்க டப்பி அவர்களுடைய அந்தஸ்து. மன்னர்கள் வெளிநாட்டுத் தூதர்களுக்குப் பரிசளித்ததும் இதைத்தான். பரிசு வாங்கிய தூதர் பல சமயம் அதை நகை வியாபாரியிடமே கொடுத்துக் காசாக்கிக்கொள்வார். அதே டப்பி இன்னொரு தூதருக்குப் பரிசாகப் போகும். பொடியின் காரமே அறியாத டப்பிகள் இன்று அருங்காட்சியகங்களில் இத்தனை இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனாமல் வேலை என்று வந்தால் பாரிஸ், ஜெனீவா, ஜெர்மனியின் ஹனாவ் மூன்றும்தான் எப்போதும் பேச்சில் அடிபடும்.

பாரிஸ் டப்பியைத் திறந்தால் அதன் ஜாதகமே உள்ளே இருக்கும். செய்தவரின் முத்திரை, ஆண்டுதோறும் மாறும் பொற்கொல்லர் சங்கத்தின் எழுத்து, வரிக்குக் கணக்கு வைத்ததற்கு ஒன்று, வரி கட்டி முடித்ததற்கு ஒன்று. மூடி, சுவர், அடி மூன்றிலும் முத்திரை குத்துவார்கள்; வேறொரு டப்பியின் மூடியைக் கொண்டுவந்து பொருத்தியிருந்தால் இங்கேயே மாட்டிக்கொள்ளும். 1791இல் சங்கங்கள் கலைக்கப்படும்வரை இந்தக் கெடுபிடி நீடித்தது.

தங்கமும் 20 கேரட்டுக்கு மேல். எனாமல் என்பது உலோக ஆக்சைடுகளால் நிறமேற்றிய கண்ணாடித்தூள். சுமார் 800 டிகிரி சூட்டில் உருகித் தங்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். தங்கத்தில் செம்பு அதிகமானால் அந்தச் சூட்டில் கறுத்து நிறத்தைக் கெடுக்கும். பாரிஸ்காரர்கள் தங்கத்தில் ஆழம் கூட்டியும் குறைத்தும் செதுக்கி, அதன்மேல் ஒளி ஊடுருவும் எனாமலை உருக்கினார்கள். ஆழமான இடம் இருளும், மேடான இடம் வெளுக்கும். ஒரே நிறத்தில் இத்தனை சாயல். 1734இல் சங்கத்தில் சேர்ந்த ஜான் டியூக்ரோலே இதில் கெட்டிக்காரர். அவருடைய எனாமல் பூக்களைப் பார்த்தபின் மற்றவர்களின் பூக்கள் எனக்குக் கொஞ்சம் தட்டையாகத்தான் தெரிகின்றன.

ஓவியத்துக்கு மட்டும் மதிப்பெண் போடுவதென்றால் ஜெனீவா முந்திவிடும். அங்கே தீட்டிய படத்தின்மேல் நிறமற்ற கண்ணாடிப் பூச்சு ஒன்றை உருக்கி மெருகேற்றுவார்கள். படத்துக்கு ஆழம் கிடைக்கும், கீறலும் எளிதில் விழாது. ஏரிக்கரைகளையும் துறைமுகங்களையும் தீட்டிய ஜான்-லூயி ரிஷ்தேர் இதில் பெயர் பெற்றவர். டப்பி செய்தவர்களில் ஜான்-ஜார்ஜ் ரெமோன் முக்கியமானவர். துருக்கி, சீனச் சந்தைகளுக்காகச் செய்த சரக்கில் முத்து, பளபளப்பு, விசையால் பாடும் குட்டி இயந்திரப் பறவை எல்லாம் இருக்கும். பறவையின் குரலுக்கான குழாய்களின் வரிசைக்குப் பதிலாக உள்ளே நகரும் தண்டு கொண்ட ஒற்றை விசில் வந்தபிறகே பறவை டப்பிக்குள் அடங்கியது. பொறியியல் அபாரம். ஆனால் பின்னணியில் தங்கத்தில் ஓடும் வரிகள் பெரும்பாலும் கையால் அல்ல, கடைசல் இயந்திரத்தால் போட்டவை. தங்கமும் பொதுவாக 18 கேரட். பாரிஸின் கைச்செதுக்கலுக்கு அது ஈடாகாது என்பது என் கட்சி.

ஹனாவுக்குத்தான் நியாயம் கிடைக்கவில்லை. 1597இல் புராட்டஸ்டண்டு அகதிகளுக்காக எழுந்த புதுநகரம் அது. 1772இல் ஓவியப் பயிற்சிக் கழகமே தொடங்கினார்கள். துசான் சகோதரர்கள் போன்றோர் பாரிஸ் பாணியை அச்சு அசலாகச் செய்ததோடு, பாரிஸ் முத்திரையைப் போன்றே தோன்றும் முத்திரைகளையும் குத்தினார்கள். அதனால் 'போலி' என்ற பட்டம். பெயர் தெரியாத நல்ல ஹனாவ் டப்பிகள் பல நெடுங்காலம் 'சுவிஸ்' என்றே விற்கப்பட்டன. முத்திரையை மூடிவிட்டு வேலையை மட்டும் பார்த்தால், சிறந்த ஹனாவ் டப்பி சுமாரான பாரிஸ் டப்பியை எளிதாக விஞ்சும்.

எந்த ஊர் சரக்கானாலும் எனாமல் உடைந்தால் பழையபடி உலையில் வைப்பது ஆபத்து: பக்கத்து எனாமல் விரியும், கீலின் பற்றுவைப்பு இளகும். அதனால் பிசின் வைத்து வண்ணம் பூசிவிடுவார்கள். புற ஊதா விளக்கில் அந்த இடம் பெரும்பாலும் தனியாகத் தெரியும். வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியவை மூடியின் ஓரங்களும் கீலை ஒட்டிய பகுதியும். அங்கே ஒட்டுவேலை இருக்கும் டியூக்ரோலேயைவிட, பழுதில்லாத துசானுக்கே நான் கை தூக்குவேன்.