விளையாட்டுக்கு எந்த இயர்பட்ஸ்: புளூடூத்தா, டாங்கிளா?

இரண்டு ஆண்டுகள் புளூடூத் இயர்பட்ஸை மட்டுமே வைத்துக்கொண்டு கணினியிலும் கைப்பேசியிலும் விளையாடிவந்த நான், பத்து மாதங்களுக்கு முன் யு.எஸ்.பி. டாங்கிளுடன் (துளையில் செருகினால் இயர்பட்ஸுக்கு ஒலியை அனுப்பும் சிறு கருவி) வரும் இயர்பட்ஸுக்கு மாறினேன். குழுவாகச் சேர்ந்து, பேசிக்கொண்டே விளையாடுபவருக்கு டாங்கிள்தான் சரியான தேர்வு என்பது என் முடிவு. தனியாக விளையாடுபவருக்கு அதே முடிவை இவ்வளவு அழுத்தமாகச் சொல்ல மாட்டேன். இந்த வேறுபாடு ஏன் என்பதை விளக்குவதற்காகவே இதை எழுதுகிறேன். பெட்டிகளின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்படும், ஒலி காதை அடைய ஆகும் தாமதக் கணக்கை வைத்து மட்டும் முடிவெடுத்தால், உண்மையில் விளையாட்டைத் தீர்மானிக்கும் விஷயம் கண்ணில் படாமலே போய்விடுகிறது.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். டாங்கிள் வகையை ‘2.4 ஜிகாஹெர்ட்ஸ்’ என்று விற்பதால் புளூடூத் வேறொரு அலைவரிசையில் இயங்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். புளூடூத்தும் 2.402 முதல் 2.480 ஜிகாஹெர்ட்ஸ் வரையிலான அதே பட்டையில்தான் இயங்குகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அலைவரிசையில் இல்லை, அதன் மேல் ஒலியை அனுப்பும் நெறிமுறையில் இருக்கிறது. புளூடூத் எல்லா நிறுவனங்களின் கருவிகளோடும் ஒத்துப்போக வேண்டிய பொதுவிதிகளால் கட்டுண்டது. டாங்கிளும் இயர்பட்ஸும் ஒரே நிறுவனம் ஒன்றுக்கொன்று என்றே செய்த ஜோடி என்பதால், நடுவில் எதை எப்படி அனுப்புவது என்பதை அந்நிறுவனமே தீர்மானித்துக்கொள்கிறது.

தாமதத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எஸ்.பி.சி. அல்லது ஏ.ஏ.சி. கோடெக்கில் (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) இயங்கும் சாதாரண புளூடூத் இணைப்பில் ஏறத்தாழ 150 முதல் 250 மில்லிநொடி வரை தாமதம் இருக்கும். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது என்பதால், 200 மில்லிநொடி என்பது ஒலி ஏறத்தாழ 69 மீட்டரைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம். நொடிக்கு 60 சட்டகங்கள் (ஃபிரேம்கள்) ஓடும் விளையாட்டில் அது 12 சட்டகங்களுக்குச் சமம். திரைப்படம் பார்க்கும்போது இது தெரிவதில்லை, ஏனென்றால் செயலி படத்தையும் அதே அளவுக்குத் தாமதப்படுத்தி ஒலியோடு பொருத்திவிடுகிறது. விளையாட்டில் நீங்கள் எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவீர்கள் என்பது மென்பொருளுக்கு முன்கூட்டியே தெரியாது என்பதால் அந்த வழி அங்கே அடைபட்டுவிடுகிறது.

இதைச் சரிசெய்யவே இயர்பட்ஸ்களில் ‘கேம் மோட்’ வந்தது. இயர்பட்ஸுக்குள் ஒலியைச் சேமித்துவைக்கும் இடையகத்தைச் சிறிதாக்குவதுதான் பெரும்பாலும் அதன் வேலை. தாமதம் குறையும் என்பது உண்மை. என் பழைய ஜோடியில் அதை இயக்கியதும் துப்பாக்கி வெடிப்பதற்கும் ஒலி கேட்பதற்கும் இடையிலான இடைவெளி ஏறத்தாழப் பாதியானதாகவே உணர்ந்தேன். ஆனால் இடையகம் சிறிதாகும்போது, அலைவரிசையில் ஒரு சிறு இடையூறு வந்தாலும் ஒலி அறுந்துவிடுகிறது. கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்தால்கூட எனக்கு அது நடந்தது. ஆப்பிள் கருவிகளில் கதை கொஞ்சம் வேறு: 2023-இல் மேக் ஓஎஸ் சோனோமாவிலும் 2024-இல் ஐ.ஓ.எஸ். 18-இலும் வந்த கேம் மோட், ஏர்பாட்ஸுடனான தாமதத்தைக் கருவியின் பக்கத்திலிருந்தே குறைக்கிறது. ஆப்டெக்ஸ் லோ லேட்டன்சி கோடெக் தாமதத்தை 40 மில்லிநொடி அளவுக்குக் கொண்டுவரும் என்றாலும், அனுப்பும் கருவியும் பெறும் கருவியும் இரண்டுமே அதை ஆதரிக்க வேண்டும்; அப்படி ஒரு ஜோடி அமைவது அரிது. டாங்கிளில் இந்தத் தேடலே தேவைப்படுவதில்லை. சோனி தன் டாங்கிள் இயர்பட்ஸான இன்சோன் பட்ஸுக்கு 30 மில்லிநொடிக்கும் குறைவு என்று சொல்கிறது. என்னிடம் இருப்பது வேறொரு நிறுவனத்தின் ஜோடி என்றாலும், அதிலும் படத்துக்கும் ஒலிக்கும் இடையே எந்த விலகலையும் என் காது கண்டதில்லை.

இவ்வளவும் தாமதத்தின் கதை. இதை மட்டும் பார்த்திருந்தால் நான் பழைய ஜோடியையே வைத்திருப்பேன், ஏனென்றால் தாமதம் ஒலி வரும் நேரத்தைத் தள்ளிப்போடுகிறதே தவிர, அது வரும் திசையைக் கெடுப்பதில்லை. வலப்பக்கத்திலிருந்து வரும் ஒலி இடக்காதை அடைய எடுத்துக்கொள்ளும் கூடுதல் நேரம் அதிகபட்சம் 0.7 மில்லிநொடி அளவுதான். நம் மூளை அந்த நுண்ணிய வேறுபாட்டையும், இரு காதுகளிலும் கேட்கும் ஒலியளவின் வேறுபாட்டையும் கொண்டே திசையைக் கணிக்கிறது. இரு காதுகளுக்கும் ஒரே அளவில் 200 மில்லிநொடி தாமதம் சேர்ந்தாலும் இந்த வேறுபாடு அப்படியே இருக்கும். காலடி ஓசை தாமதமாகத்தான் வரும், ஆனால் வலப்பக்கத்திலிருந்தே வரும். தாளத்தை அடிப்படையாகக் கொண்ட விளையாட்டுகளில்கூட, தாமதம் மாறாமல் நிலையாக இருந்தால் அமைப்புகளில் போய் அதை ஈடுசெய்துகொள்ள முடியும்.

என்னை மாற்றியது மைக். புளூடூத் இயர்பட்ஸில் குழு உரையாடலைத் திறந்த அந்தக் கணத்தில், விளையாட்டின் ஒலி திடீரெனத் தொலைபேசி அழைப்பின் ஒலியாகச் சுருங்கிவிடுவதை விளையாடியவர்கள் எல்லோரும் கேட்டிருப்பார்கள். இயர்பட்ஸ் பழுதாகிவிட்டது என்று எண்ணிப் புதிதாக வாங்கியவர்களையும் எனக்குத் தெரியும். அது பழுது அன்று, புளூடூத்தின் அமைப்பே அப்படி. இசை கேட்பதற்கான ஏ2டிபி என்னும் வழிமுறை ஸ்டீரியோ ஒலியை ஒரு திசையில் மட்டுமே அனுப்பும்; அதில் மைக்குக்கு இடமில்லை. மைக் தேவைப்பட்டதும் இணைப்பு எச்.எஃப்.பி. என்னும் அழைப்புக்கான வழிமுறைக்கு மாறுகிறது. அதில் நம் குரல் செல்லும், ஆனால் நமக்கு வரும் ஒலி மோனோவாகிவிடும். பழைய சி.வி.எஸ்.டி. கோடெக்கில் நொடிக்கு 8,000 மாதிரிகள் (ஒலியை அளந்தெடுக்கும் புள்ளிகள்), அதைவிட மேம்பட்ட எம்.எஸ்.பி.சி.யில் 16,000 மாதிரிகள். மாதிரி எண்ணிக்கையில் பாதிக்கு மேற்பட்ட அதிர்வெண்ணைக் கடத்த முடியாது என்பதால், முதலாவதில் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் இரண்டாவதில் 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் எதுவும் மிஞ்சாது.

இதன் விளைவை விளையாட்டில் வைத்துப் பாருங்கள். மோனோவில் இரு காதுகளும் ஒரே ஒலியைப் பெறுகின்றன, ஆகவே இடம், வலம் என்ற வேறுபாடே அழிந்துவிடுகிறது. ஒலி முன்னாலிருந்து வருகிறதா, பின்னாலிருந்தா, மேல்மாடியிலிருந்தா என்பதை நாம் காதுமடலின் வளைவுகள் ஒலியில் ஏற்படுத்தும் மாற்றங்களைக் கொண்டு அறிகிறோம். அந்த மாற்றங்கள் பெரும்பாலும் 4, 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதியில்தான் இருக்கின்றன. விளையாட்டுகளின் முப்பரிமாண ஒலி அந்த மாற்றங்களைக் கணக்கிட்டுப் போலியாக உருவாக்கித் தருகிறது. எச்.எஃப்.பி. அந்தக் கணக்கின் பெரும்பகுதியை வெட்டியெறிந்துவிடுகிறது. தாமதமாக வந்தாலும் காலடி ஓசையின் திசை தெரிந்தால் திரும்ப முடியும். உரிய நேரத்தில் வந்தும் திசை தெரியாத ஓசையை வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் திரும்புவது? குழுவாக விளையாடும்போது திசையைச் சொல்லத்தான் மைக்கைத் திறக்கிறோம். அதைத் திறந்ததாலேயே நமக்குத் திசை தெரியாமல் போவது, நான் இரண்டு ஆண்டுகள் பொறுத்துக்கொண்ட குறை.

டாங்கிள் வகையில் இந்தச் சிக்கல் இல்லை. கணினிக்கு அது சாதாரண யு.எஸ்.பி. ஒலிக்கருவியாகவே தெரிகிறது, ஸ்டீரியோ ஒலி வந்துகொண்டிருக்கும்போதே குரலும் எதிர்த்திசையில் சென்றுகொண்டிருக்கும். மாறிய முதல் நாள், உரையாடலைத் திறந்த பிறகும் படிக்கட்டில் ஏறும் காலடி எனக்குப் பின்புறம் இடப்பக்கத்தில் தெளிவாகக் கேட்டது. மற்ற குறைகளை எல்லாம் பொறுத்துக்கொள்ள எனக்கு அந்த ஒன்றே போதுமானதாக இருந்தது.

நம் குரல் மற்றவர்களுக்கு எப்படிக் கேட்கும் என்பதில் மட்டும் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். இயர்பட்ஸின் மைக் வாயிலிருந்து தொலைவில் காதோரம் இருக்கிறது. வாய்க்கு முன்னே நீளும் கம்பி மைக்கின் தெளிவு இரண்டு வகையிலும் கிடைக்காது. டாங்கிள் வகை இதில் சற்றே மேல் என்பது என் நண்பர்களின் கருத்து. இரண்டே ஜோடிகளை வைத்து அதை ஒரு பொதுவிதியாகச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

புளூடூத் ஜோடியை ஏற்கெனவே வைத்திருப்பவர் உடனே புதிதாக வாங்க வேண்டியதில்லை. மைக்கை இயர்பட்ஸிலிருந்து எடுக்காமல், மடிக்கணினியின் சொந்த மைக்கையோ தனியான யு.எஸ்.பி. மைக்கையோ உள்ளீடாகத் தேர்ந்தெடுத்தால் இணைப்பு ஏ2டிபி-யிலேயே நிற்கும், ஸ்டீரியோவும் நிலைக்கும். கணினியில் இது எளிது. கைப்பேசி விளையாட்டுகள் பலவற்றில் மைக்கைத் தேர்ந்தெடுக்கும் வசதியே இருக்காது என்பதால் அங்கே இந்த வழி எப்போதும் கைகொடுப்பதில்லை.

கன்சோல் எனப்படும் விளையாட்டுக் கருவிகளைப் பொறுத்தவரை தேர்வு பெரும்பாலும் நம் கையில் இல்லை. பிளேஸ்டேஷன் 5-உம் எக்ஸ்பாக்ஸும் புளூடூத் இயர்பட்ஸை நேரடியாக ஏற்பதில்லை. நின்டெண்டோ ஸ்விட்ச் 2021 செப்டம்பரில் வந்த மேம்படுத்தலுக்குப் பிறகு புளூடூத் ஒலியை ஏற்கிறது, ஆனால் மைக்கை ஏற்பதில்லை. அதோடு, புளூடூத் ஒலியைப் பயன்படுத்தும்போது கம்பியில்லாக் கட்டுப்படுத்திகள் (கன்ட்ரோலர்கள்) இரண்டுக்கு மேல் இணையாது. யு.எஸ்.பி. டாங்கிளை பிளேஸ்டேஷனும் ஸ்விட்சும் ஏற்றுக்கொள்ளும். எக்ஸ்பாக்ஸ் மட்டும் தன் உரிமம் பெற்ற கருவிகளையே ஏற்கும் என்பதால்தான் ஸ்டீல்சீரிஸ் போன்ற நிறுவனங்கள் எக்ஸ்பாக்ஸுக்கெனத் தனிப் பதிப்பை விற்கின்றன. பெட்டியில் அந்தப் பெயர் இல்லாவிட்டால் அங்கே இயங்காது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி டாங்கிளின் குறைகள். கைப்பேசியின் ஒரே துளையை அது பிடித்துக்கொள்வதால் விளையாடிக்கொண்டே மின்னேற்ற முடியாது; சில டாங்கிள்களில் அதற்கென ஒரு துளை விட்டிருக்கிறார்கள், எல்லாவற்றிலும் இல்லை. டாங்கிள் தொலைந்துபோனால் வாங்கிய நோக்கமே போய்விடும். மின்கலமும் வேகமாகத் தீரும்: லாஜிடெக் ஜி ஃபிட்ஸுக்கு அந்நிறுவனமே புளூடூத்தில் 10 மணி நேரமும் டாங்கிளில் 7 மணி நேரமும் கணக்குச் சொல்கிறது. சோனியின் பல்ஸ் எக்ஸ்ப்ளோர் ஒரு மின்னேற்றத்தில் 5 மணி நேரமே தாங்கும், இன்சோன் பட்ஸோ 12 மணி நேரம் என்கிறார்கள். ஆனால் இன்சோன் பட்ஸ் பழைய வகை புளூடூத்தோடு இணையவே இணையாது, புளூடூத்தின் புதிய ஒலிமுறையான எல்.ஈ. ஆடியோ உள்ள கைப்பேசியோடு மட்டுமே இணையும். வெளியே செல்லும்போதும் அதே ஜோடியைப் பயன்படுத்த எண்ணுபவர்கள் இதை முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

இடையூறும் உண்டு. யு.எஸ்.பி. 3.0 துளைகள் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையில் இரைச்சலைக் கசியவிடுகின்றன என்பதை இன்டெல் 2012-இலேயே ஓர் ஆய்வறிக்கையில் காட்டியது. என் மேசைக் கணினியின் பின்புறத்தில், வெளி ஹார்டு டிஸ்குக்கு அருகே டாங்கிளைச் செருகியிருந்த முதல் வாரம் ஒலி விட்டுவிட்டு வந்ததற்கு அதுவே காரணமாக இருந்திருக்க வேண்டும். ஒரு சிறிய நீட்டிப்புக் கம்பியில் மேசை மேல் கொண்டுவந்து வைத்ததும் நின்றுவிட்டது. வீட்டு வைஃபையை 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாற்றியதும் ஓரளவு உதவியது.

கம்பியுள்ள இயர்போனை விட்டுவிட்டேன் என்று சிலர் கேட்கலாம். தாமதமும் இல்லை, மின்கலமும் இல்லை, மைக்கால் மோனோவும் ஆகாது, கட்டுப்படுத்தியிலேயே 3.5 மில்லிமீட்டர் துளை இருந்தால் அதைவிடச் சிறந்தது வேறில்லை. கம்பி கழுத்தில் உரசுவதை ஏற்காதவர்களுக்காகத்தான் இந்த ஒப்பீடு.

டாங்கிளின் இடத்தைப் பிடிக்கக்கூடியது எல்.ஈ. ஆடியோ. 2020 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட இது, எல்.சி.3 கோடெக்கைக் கொண்டு ஸ்டீரியோ ஒலியையும் குரலையும் ஒரே நேரத்தில் கடத்தும் வகையில் அமைக்கப்பட்டிருக்கிறது; நான் மேலே சொன்ன மைக் சிக்கலை அடிப்படையிலேயே தீர்க்கும் ஏற்பாடு. விண்டோஸ் 11-இல் பேசும்போதும் ஸ்டீரியோ நிலைக்கும்படி மைக்ரோசாஃப்ட் 2025-இல் மாற்றம் கொண்டுவந்தது. ஆனால் கணினி, அதன் புளூடூத் சில்லு, டிரைவர், இயர்பட்ஸ் ஆகிய நான்கும் ஒத்துப்போக வேண்டும். நண்பர் ஒருவரின் மடிக்கணினியில் சில மாலைகள் மட்டும் இதைப் பயன்படுத்தினேன். அமைப்பதற்கு ஒரு மணி நேரம் ஆனது, அமைந்த பிறகு ஒலி நன்றாகவே இருந்தது. அந்தச் சில மாலைகளை நம்பி இப்போதே அதை வாங்கச் சொல்ல மாட்டேன். என் ஜோடியின் மின்கலம் தளரும் நாளில் முதலில் அதைத்தான் மீண்டும் சோதித்துப் பார்ப்பேன். அப்போதும் என் சோதனை ஒன்றே ஒன்றுதான், மைக்கைத் திறந்துவிட்டு, பின்னால் வரும் காலடி எந்தப் பக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிப் பார்ப்பது.