யெல்லோ லைன்: ரயில் அருமை, இறங்கின பிறகுதான் பாடு

பெங்களூரில் ஜெயநகரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு ஸ்கூட்டியில் போய்வந்துகொண்டிருந்தவள் நான். சில்க் போர்டு சிக்னலில் மழையோடு நின்றவர்களிடம் அந்தக் கொடுமையை விவரிக்க வேண்டியதில்லை. இப்போது ஆபீஸுக்கு 'நம்ம மெட்ரோ' என்ற பெங்களூரு மெட்ரோவின் யெல்லோ லைன்தான். ஸ்கூட்டி கடைகண்ணிக்கு மட்டும்.

ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை 19.15 கிலோமீட்டர், 16 ஸ்டேஷன். 2025 ஆகஸ்டில் திறந்தபோது கையில் இருந்தது மூன்றே ரயில், 25 நிமிடத்துக்கு ஒன்று. அந்த இடைவெளியில் வண்டிக்காரர்கள் யாரும் வண்டியை விடமாட்டார்கள். ஒவ்வொரு ரயிலாகச் சேர்ந்து காத்திருப்பு குறைந்த பிறகே எனக்கும் நம்பிக்கை வந்தது.

ராகிகுட்டாவிலிருந்து சில்க் போர்டு வரை உள்ள அடுக்குப் பாலத்தைச் சொல்லியே ஆகவேண்டும். கீழே ரோடு, நடுவில் மேம்பாலம், அதற்கும் மேலே ரயில். ஜன்னலோரம் நின்றால் கீழே ஹெல்மெட்டுகள் வரிசையாக நகராமல் கிடக்கும்; நாம் ஏ.சி.யில் தாண்டிப் போய்க்கொண்டிருப்போம். அந்தப் புகையைச் சுவாசிக்காமல் ஆபீஸ் போய்ச் சேருவதற்கே இந்த ரயிலைக் கும்பிடலாம்.

காசு விஷயம். 2025 பிப்ரவரியில் கட்டணம் ஏறி, குறைந்தபட்சம் 10 ரூபாய், அதிகபட்சம் 90 ரூபாய் என்றானது. கர்நாடகப் பெண்களுக்கான சக்தி திட்டத்தில் சாதாரண அரசு பஸ்ஸில் எனக்குப் பயணமே இலவசம். இருந்தும் மெட்ரோவுக்குக் கொடுக்கிறேன், ஏனென்றால் எத்தனை மணிக்குப் போய்ச்சேருவேன் என்று கிளம்பும்போதே தெரிகிறது. எங்கள் ஆபீஸ் ஹவுஸ்கீப்பிங் அக்காக்களுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. அவர்கள் பஸ்ஸில்தான் வருகிறார்கள், அதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

அம்மா கிருஷ்ணகிரியிலிருந்து வரும்போது முன்பெல்லாம் நெரிசல் முழுவதையும் பஸ்ஸிலேயே உட்கார்ந்து தாண்டவேண்டும். இப்போது ஓசூர், அத்திப்பள்ளி கடந்ததும் பொம்மசந்திராவில் இறங்கி, லிஃப்டில் ஏறி, ஆர்.வி. ரோட்டுக்கு ரயில் பிடித்துவிடுகிறார். "மூட்டு வலிக்கு மாத்திரை போடாம வந்து சேர்ந்தேன்டி" என்றார். தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வரும் வயசானவர்களுக்கு முதலில் சொல்லவேண்டிய வழி இதுதான்.

சிக்கல் ஸ்டேஷனுக்கு வெளியே. நான் இறங்கும் இடத்தில் பாதி தூரம் நடைபாதையே இல்லை. இருக்கிற பாதியிலும் நெரிசல் நேரத்தில் டூவீலர்கள் ஏறி வந்து பின்னாலிருந்து ஹாரன் அடிக்கின்றன. ஓட்டுகிறவர்களின் அவசரம் எனக்குத் தெரியும், ஆனால் அது நடக்கிறவர்களின் இடம். வேலை முடிந்து இருட்டில் அந்த ஓரத்தில் நடக்கும்போது, வண்டியிலேயே வந்திருக்கலாமோ என்ற எண்ணம் வந்து போகிறது.

ஆபீஸ் வேலையாக வியட்நாமின் ஹோ சி மின் நகரத்துக்குப் போயிருந்தேன். எழுபது லட்சத்துக்கும் மேல் மோட்டார் சைக்கிள் ஓடும் ஊர், நடைபாதையில் வண்டி ஏறுவது அங்கேயும் உண்டு. அவர்களின் முதல் மெட்ரோ 2024 டிசம்பர் 22-ல்தான் ஓடத் தொடங்கியது: பென் தான் முதல் சுவாய் தியென் வரை 19.7 கிலோமீட்டர், 14 ஸ்டேஷன். கிட்டத்தட்ட நம் யெல்லோ லைன் நீளம். ஆனால் ரயிலோடு சேர்த்தே ஸ்டேஷன்களுக்கு மின்சார இணைப்பு பஸ் வழிகளைத் தொடங்கினார்கள், அகலமான நெடுஞ்சாலையைக் கடக்க ஸ்டேஷனோடு சேர்ந்த நடைபாலங்களும் கட்டினார்கள். ரயில் பாதை போடும்போதே, இறங்கினவர் எப்படி வீடு போவார் என்று யோசித்திருக்கிறார்கள். எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

இங்கேயும் நகரப் பேருந்துக் கழகமான பி.எம்.டி.சி.யின் ஃபீடர் பஸ்கள், அதாவது ஸ்டேஷன் இணைப்பு பஸ்கள், ஓடுகின்றன. எலக்ட்ரானிக் சிட்டியின் உள்தெருக்கள் வரை அவை அடிக்கடி வந்தால், ஆபீஸ் பார்க்கிங்கில் பாதி வண்டி காணாமல் போகும் என்று அடித்துச் சொல்வேன்.

ரயிலுக்கு ஐந்துக்கு நாலரை, வெளியே உள்ள ரோட்டுக்கு ஒன்றரை. ஆபீஸ் ஸ்டேஷனுக்குப் பக்கம் என்றால் யோசிக்காமல் மாறுங்கள். தூரம் என்றால், முதலில் ஒரு நாள் சாயங்காலம் இருட்டின பிறகு அந்த வழியை நடந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். தினமும் போகிறவர்கள் ஸ்மார்ட் கார்டு வாங்கிக்கொள்ளுங்கள், கட்டணத்தில் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு.