டிரைவர் போடுறது பெருசில்ல, போட்டது அங்கயே இருக்கணும்

லேப்டாப்ப சர்வீசுக்குக் குடுத்து வாங்குன ஃப்ரெண்டு ஒருத்தன் "கிராபிக்ஸ் டிரைவர் எங்கடா எடுக்குற, எத போடுற"ன்னு கேட்டான். விண்டோஸ் கிராபிக்ஸ் கார்ட வேலை வாங்குறதுக்கான சாஃப்ட்வேர்தான் அது. ஒரு லிங்க் அனுப்பி முடிச்சிருக்கலாம். ஆனா இந்த மேட்டர்ல வயித்தெரிச்சல் ரொம்ப சேர்ந்து கிடக்கு, அதனால எழுதியே தீத்துடுறேன்.

தேடி எடுக்குறது கஷ்டமே இல்ல. சர்ச் பண்ணா மேலயே "ஒரே கிளிக்ல எல்லா டிரைவரும்"னு வந்து நிக்கிற அப்டேட்டர் சாஃப்ட்வேர் எதையும் தொடாத, அவ்ளோதான். புதுசா ஓஎஸ் போட்ட மெஷின்ல கார்டு பேரு தெரியாம "பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்"னு மட்டும் காட்டும், அப்ப டிவைஸ் மேனேஜர்ல (மெஷின்ல இருக்குற பார்ட்ஸ் எல்லாத்தையும் விண்டோஸ் லிஸ்ட் போட்டு காட்டுற இடம்) அது மேல ரைட் கிளிக், ப்ராப்பர்டீஸ், டீடெய்ல்ஸ், அதுல ஹார்டுவேர் ஐடிஸ். வென் (VEN)-னு இருக்குறதுக்குப் பின்னாடி 10டிஇ (10DE)-ன்னா என்விடியா, 1002-ன்னா ஏஎம்டி, 8086-ன்னா இன்டெல் (இன்டெல்காரன் தன்னோட பழைய சிப் நம்பரையே எடுத்து வச்சுக்கிட்டான், நல்லாத்தான் இருக்கு). பக்கத்துல டெவ் (DEV)-க்கு பின்னாடி வர்ற நாலு எழுத்து உன்னோட சிப்பு. ரெண்டையும் சேத்து தேடுனா மாடல் பேரு வந்துடும், அந்த கம்பெனி சைட்டுக்குப் போய் எடுத்துக்க.

பிரச்சன போட்டதுக்கு அப்புறம்தான். புது டிரைவர் போட்டேன், கேம் வழவழன்னு ஓடுச்சு, வீடியோ எடிட் பண்றப்ப அடிக்கடி ஸ்கிரீன் ஒரு செகண்ட் கருப்பாகி திரும்புமே அதுவும் நின்னு போச்சு. நிஜமாவே சந்தோஷம். கொஞ்ச நாள் கழிச்சு ஒரு காலைல ஆன் பண்ணி கார்டோட கன்ட்ரோல் பேனல தொறந்தா, இந்த சாஃப்ட்வேருக்கும் நீ போட்டிருக்குற டிரைவருக்கும் ஒத்துப்போகலன்னு ஒரு பொட்டி வருது. என்னடான்னு டிவைஸ் மேனேஜர்ல டிரைவர் டேட்ட பாத்தா, நான் போட்டதுக்கு ரொம்ப முந்தி வந்த டிரைவர் உக்காந்திருக்கு! ராத்திரி ஆட்டோ அப்டேட்ல வந்து புதுச தூக்கிட்டு பழச வச்சுட்டுப் போயிருக்கு. திரும்ப போட்டேன், திரும்ப வந்துச்சு. பேய் ஓட்டுன வீட்ல பேயே சாவி வச்சிருந்த கதைதான்.

ஏன் இப்படின்னு தோண்டுனா காரணம் சுவாரசியமாத்தான் இருக்கு. விண்டோஸ் ஒரு டிவைசுக்கு எந்த டிரைவர்னு முடிவு பண்றப்ப தேதிய முதல்ல பாக்குறதில்ல, ரேங்க்தான் பாக்குது. ஹார்டுவேர் ஐடில சப்சிஸ் (SUBSYS)-னு இன்னொரு துண்டு இருக்கும், அது லேப்டாப் செஞ்ச கம்பெனியோட அடையாளம். அதையும் சேத்து முழுசா மேட்ச் ஆகுற டிரைவருக்கு ரேங்க் ஒசத்தி, வெறும் சிப்ப மட்டும் சொல்ற பொது டிரைவருக்கு ரேங்க் கம்மி. ரெண்டும் ஒரே ரேங்க்னாதான் தேதியே கணக்குல வரும். அந்த பேசிக் டிஸ்ப்ளே அடாப்டரோட டேட்ட பாரு, 2006 ஜூன் 21-ன்னு இருக்கும், எத்தன தடவ புதுப்பிச்சாலும் அதே தேதிதான், கார்டு கம்பெனி டிரைவர தேதில முந்திடக் கூடாதுன்னே அப்படி வச்சிருக்காங்க. இன்டெல் சிப்செட் டிரைவர்ல இன்னும் கூத்து, 1968 ஜூலை 18, அவங்க கம்பெனி ஆரம்பிச்ச நாள்! அதுவும் அதே காரணத்துக்குத்தான்.

ஸோ முறை சரியாத்தான் இருக்கு, அத நான் குத்தம் சொல்ல மாட்டேன். லேப்டாப் செஞ்சவன் தன்னோட ஹீட், பேட்டரி, ஸ்கிரீனுக்கு ஏத்த மாதிரி டியூன் பண்ணி குடுத்தது முன்னுரிமைல வரணும்னு நெனைக்கிறது நியாயம். ஆனா டியூன் பண்ணி ஏத்துன அந்த கம்பெனி (பேரு வேணாம்) அதுக்கப்புறம் அந்தப் பக்கமே தலவச்சு படுக்கலன்னா என்ன அர்த்தம்? சப்போர்ட் பேஜ்ல இன்னிக்கும் அதே ஃபைல் "லேட்டஸ்ட்"னு நிக்குது. மெயில் போட்டா பயாஸ் (ஆன் பண்ணதும் விண்டோஸுக்கு முன்னாடி ஓடுற மதர்போர்டு சாஃப்ட்வேர்) அப்டேட் பண்ணுங்கன்னு பதில் வருது. பயாஸுக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம்?

இதுல ஒரு காமெடி, பழசு வந்து உக்காந்தா அன்இன்ஸ்டால்லாம் வேணாம், டிவைஸ் மேனேஜர்ல ரோல் பேக் டிரைவர் அழுத்து, முன்னாடி இருந்ததுக்குத்தானே போகும், முன்னாடி இருந்தது புதுசு! ரோல் பேக் பண்ணி அப்டேட் ஆகுற ஒரே மெஷின் என்னோடதாத்தான் இருக்கும்.

நிரந்தரமா நிறுத்தணும்னா விண்டோஸ் ப்ரோ எடிஷன்ல குரூப் பாலிசி எடிட்டர்ல விண்டோஸ் அப்டேட்டோட டிரைவர்கள சேக்காதன்னு ஒரு பாலிசி இருக்கு, அத எனேபிள் பண்ணு. ஹோம் எடிஷன்ல அந்த எடிட்டரே கிடையாது, ரெஜிஸ்ட்ரிலதான் (விண்டோஸோட உள் செட்டிங்ஸ் எல்லாம் கிடக்குற இடம்) கைய வைக்கணும். பண்ணிட்டா வைஃபை, டச்பேட், ஆடியோ எல்லாத்துக்கும் டிரைவர் வர்றது நின்னுடும், அதெல்லாம் நீயேதான் பாத்துக்கணும். நான் பண்ணிட்டேன், அதுக்கப்புறம் பழைய டிரைவர் திரும்பி வரல, கார்டு கில்லி மாதிரி ஓடுது. எப்பவாவது ஸ்கிரீன் உறைஞ்சா விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நாலையும் சேத்து அழுத்துறேன், டிரைவர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகி ஒரு பீப் சத்தத்தோட திரும்பி வருது, திறந்து வச்ச ஃபைல் அப்படியே இருக்கு. இது தெரியாம எத்தன பேரு பவர் பட்டன புடிச்சு அமுக்கிட்டு இருக்கானோ.

எல்லாம் நல்லா ஓடுது, ஆனா மார்க் கேட்டா அந்த லேப்டாப்புக்கு பாஸ் மார்க் கூட போட மாட்டேன், விலைய பாதியாக்கினாலும் வாங்காத. கார்டு நல்ல கார்டு, டிரைவர் நல்ல டிரைவர், அதுக்கென்ன, எனக்குக் கோவம் இன்னும் போகல. டெஸ்க்டாப் எடு, நடுவுல இன்னொருத்தன் டியூனிங் இருக்காது.

உன் மெஷின்ல கேம் ஆடலன்னா, பிரவுசரும் படமும் மட்டும்தான்னா, தானா வந்த டிரைவர அப்படியே விட்டுடு. இல்ல போட்டே ஆகணும்னா முதல்ல டவுன்லோட் பண்ணி வச்சுக்க, அப்புறம் நெட்ட கட் பண்ணு, சேஃப் மோட்ல (அத்தியாவசியமானது மட்டும் ஓடுற விண்டோஸ்) டிடியூ (DDU, டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்ங்குற சாஃப்ட்வேர்) வச்சு பழச தொடச்சு எடு, நார்மலா பூட் பண்ணி புதுச போடு, பாலிசியையும் மாத்திட்டு அப்புறமா வைஃபைய ஆன் பண்ணு.